பாடாத பாடகரும் நான் எழுதிய விமர்சனமும்

சில மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு கூட்டம். இல்லாத ஒரு நட்சத்திரத்தை இருப்பதாகக் காட்டி, ஆவணப்படம் போலவே சிரிக்காமல் எடுக்கும் கேலிப்படங்களைப் பற்றி ஓர் இளைஞர் பேசினார். தமிழில் அதற்கான துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துணிச்சல் இருந்தது. எண்பதுகளின் நடுவில், போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது. அதைக் கூடி நின்று மிதித்தார்கள். முதலில் காலை வைத்தவன் நான்.

அந்த மாடியில் இருந்தவர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். நான் ஊரில் கல்லூரி ஆசிரியன். மதுரையிலிருந்து வந்த ஒரு சிறு பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுவேன். மதுரைத் திரைப்படச் சங்கம் எதைத் திரையிடலாம் என்று என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவர் காமிராவைத் தூக்கிக்கொண்டு குரங்கணிப் பக்கமும் போடிமெட்டுப் பக்கமும் அலைந்து, அரை மணி நேரப் படம் ஒன்றை எடுத்து முடித்தார். அதை அந்தச் சங்கத்தில் போட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் ஒருவர்தான் கதாநாயகர். கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் சட்டை. தியேட்டரில் செய்திப்படத்துக்குப் பேசுவார்களே, அதே கனத்த குரலில் பின்னணி: 'மலைகளை உருக்கிய மகா பாடகர்.' ஆனால் படம் முழுக்க அவர் ஒரு வரிகூடப் பாடுவதில்லை. வாயைத் திறந்தால் கரண்டு போகும், அல்லது மைக் செத்துப்போகும். ஆனாலும் ரசிகர்கள் மயங்கி விழுவார்கள்.

"அவரு பாட்டக் கேட்டாத்தான் எங்களுக்குக் காயெடுக்கவே கை வரும்" என்பார் ஏலக்காய்த் தோட்டத்துப் பெண் ஒருவர்.

"எந்தப் பாட்டு?"

"அதான்… அந்தப் பாட்டு!"

டிரைவரின் சொந்தத் தாயாரையே பிடித்து உட்கார வைத்திருந்தார். மகன் சின்ன வயதிலேயே பாடுவானா என்று கேட்டதற்கு அந்த அம்மாள், "மாடு பத்திக்கிட்டுப் போகையில கத்துவான். அதப் பாட்டுன்னு யாருய்யா சொன்னது?" என்றார். அவர் நடிக்கவில்லை.

பெரிய மனிதர் யார் வந்தாலும் ஏலக்காய் மாலை போடுவது எங்கள் ஊர் வழக்கம். படத்தில் எல்லா வரவேற்பிலும் அதே ஒரு மாலைதான். கும்பிட வருகிறவரெல்லாம் ஆளுக்கொரு காயைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் வெறும் நூல்தான் கழுத்தில் தொங்கும். பாடகர் அப்போதும் பாரம் தாங்காதவரைப் போலக் குனிந்தே கும்பிடுவார்.

படத்தை முதலில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் டிவி வைத்துப் போட்டார் வீடியோக்காரர். ஏலக்காய் வியாபாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

பிறகு ஒரு விமர்சகர் திரையில் வந்தார். என்னைப் போலவே சட்டைப் பையில் இரண்டு பேனா. கையில் ஓர் ஏலக்காயை முகர்ந்தபடி, யாருமே கேட்டிராத அந்தக் குரலைப் பற்றிச் சொன்னார்: "இவரது மௌனத்தில் ஒரு மலைத்தன்மை இருக்கிறது."

மலைத்தன்மை நான் உண்டாக்கிய சொல். என் கட்டுரைகளில் நாலைந்து இடத்தில் இருக்கும். மண்டபத்தில் அது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், போதாதா?

உழைக்கும் மக்களின் ரசனையைக் கொச்சைப்படுத்தும் படம் என்று எழுதினேன். மலையின் விளைச்சலையே கேலிப்பொருளாக்குகிறது என்றும் எழுதினேன். ஒரு வரியிலும் உண்மை இல்லை. மதுரையில் இன்னொரு விமர்சகர், படத்தையே பார்க்காமல், என் வரிகளை எடுத்துப்போட்டு இன்னும் கடுமையாக எழுதினார். திரைப்படச் சங்கம் வேண்டாம் என்றது. மண்டபத்தில் சிரித்துப் புரண்ட வியாபாரிகளுக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. "நம்ம மாலையவே நக்கல் பண்ணிட்டான்யா" என்று ஏலக்காய்க் கடைகளில் பேசினார்கள். தங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சிரித்த வாயாலேயே ஒருவன் பிழைப்பைக் கெடுக்க இவர்களுக்கு எப்படி முடிந்தது என்று இன்றும் கொதிக்கிறேன். அதற்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தவனுக்குக் கொதிக்க உரிமை இருக்கிறதா என்பது வேறு.

வீடியோக்காரர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், நீங்க சிரிச்சீங்க. பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"சிரிக்கிறது வேற தம்பி, விமர்சனம் வேற."

கொஞ்ச நேரம் என் சட்டைப் பையையே பார்த்தார். "அந்த விமர்சகரு வர்ற இடத்த வெட்டிர்றேன் சார். அப்பவாச்சும் சங்கத்துல ஒரு வார்த்த சொல்லுவீங்களா?"

எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். வெட்ட வேண்டாம், நானே சொல்கிறேன் என்று அப்போது சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். "நான் என்ன அப்படியாப்பட்ட ஆளா?" என்று சத்தம் போட்டேன்.

"இல்ல சார். சோலி கெடக்கு, வர்றேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வருடம் ஒரு சக ஆசிரியர் தன் மகள் கல்யாணக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். எடுத்துக் கொடுத்தது அந்த வீடியோக்காரர்தான். இருபத்தைந்தே நிமிஷத்தில் தாலி கட்டி, பந்தி முடிந்து, 'நன்றி வணக்கம்' வந்தது. திரையில் கோடுகள் ஓடின. சட்டென்று கறுப்புக் கண்ணாடியோடு டிரைவர்! கழுத்தில் வெறும் நூலோடு, ஓடும் ஜீப்பிலிருந்து கும்பிட்டுக்கொண்டே போனார். புதுக் கேசட் வாங்க வழியில்லாமல், தன் படத்தின் ஒரே பிரதியின் மேல் வீடியோக்காரர் கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்.

"இது யாரு, மெட்டுக்கு ஓட்டுற டிரைவரா? இந்தாளு எங்கிட்டு வந்தான் நம்ம கல்யாணத்துல?" என்றார் ஆசிரியரின் மனைவி.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, தெரியவில்லை என்றேன். அந்த அம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தார்.