ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்

நான் திருடி. என் தங்கையின் தனிமையைத் திருடிக் கவிதை எழுதினேன்.

புலம்பெயர்ந்தோர் கவிதைத் தொகுப்பு ஒன்றில் நீங்கள் என்னை வாசித்திருக்கலாம். ‘பாரிஸ் பனியில் நடுங்கும் குரல்’ என்றார்கள். பனியா! புதுச்சேரியில், சாரம் பகுதியில், மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவலிருந்தபடி எழுதியவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழிப் பனிதான். தொகுத்தவர் நான் பிரான்சில் இருப்பதாக நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை… ஏன் திருத்தவில்லை?

பாரிஸில் இருப்பவள் என் தங்கை வசந்தி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ‘நேஷனாலிட்டி’ மாப்பிள்ளை என்று ஊரே கண்வைத்த கல்யாணம். அங்கே ஏதோ அலுவலகத்தில் தரை துடைக்கிறாள். பிள்ளைகள் வீட்டிலும் பிரெஞ்சுதான் பேசுகிறார்கள். ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்வாள்.

சிறுவயதிலும் அவள்தான் பேசுவாள். அப்பாவுக்கு மில்லில் விடுமுறை என்றால் குருசுக்குப்பம் கடலுக்குப் போவோம். வலை காயும் மணலில் உட்கார்ந்து, அலை என்ன சொல்கிறது என்று அவள் அளந்துகொண்டே இருப்பாள். நான் அதைப் பள்ளிக் கட்டுரையில் எழுதிப் பரிசு வாங்குவேன். “நான் சொன்னதாக்கும்!” என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எவ்வளவு இனிய நாட்கள்! அப்போது அது திருட்டில்லை… அவளுக்குத் தெரிந்தே எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: “தமிழும் மாவு மாதிரிதான்க்கா. பேச ஆளில்லாம உள்ளயே வெச்சிருந்தா புளிச்சிப்போவுது. உங்கிட்ட கொட்டத்தான் வாரமெல்லாம் வெச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு அழுதாள். ஆறுதல் சொல்லவேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காலண்டர் தாளில் அதை எழுதிக்கொண்டேன்!

அதை வைத்து எழுதிய கவிதைக்குத்தான் அத்தனை பாராட்டும். பாரிஸில் தமிழர் கூட்டம் ஒன்றில் யாரோ அதை மேடையில் வாசித்தார்கள். கூட்டத்தில் வசந்தியும் இருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். தன் அழுகையை என் பெயரில் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்…

“வேற யாருகிட்டயும் சொல்லாததத்தானே உங்கிட்ட சொன்னேன்?” என்று அடுத்த ஞாயிறு போனில் கேட்டாள். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்!

இப்போதும் ஞாயிறுதோறும் போன் வருகிறது. “சாப்ட்டேன். புள்ளைங்க நல்லாருக்குதுங்க. குளிரு.” அவ்வளவுதான். அவள் தமிழைக் கொட்டிவைக்க உலகத்தில் ஒரே ஒரு பாத்திரம் இருந்தது. அதை நானே ஓட்டையாக்கிவிட்டேன். கவிதையில் நான் பாடிய தனிமை அவளுக்கு இப்போதுதான் முழுசாக வந்திருக்கிறது.

போன வாரம் தாங்க முடியாமல் கெஞ்சினேன். “எதுனா பேசேன்டி!”

“என்னாத்த பேச? இப்பல்லாம் கனாகூட பிரெஞ்சுலதான்க்கா வருது,” என்றாள்.



“இதையும் எழுதிக்க,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எழுதிவிட்டேன். நீங்களும் வாசித்துவிட்டீர்கள்.