ஷாமளா வீட்டு லைன்

எங்கள் தோட்டத்துக்குப் பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் முதல் நாளே கால்வாயோரம் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஆரம்பித்தது அது. துரை போனார், அவருக்குப் பின் வந்த மேனேஜர்களும் போனார்கள், பழக்கம் மட்டும் போகவில்லை. கொசு மருந்து அடிக்கிறவன் வந்தால்கூட ஆட்டைப் பிடித்துப் பின்னால் கட்டி, பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டு, வாசலைக் கூட்டி வைத்து நிற்பார்கள். கூரை ஒழுகுகிறதா என்று அவன் கேட்டால், "இல்லைங்க, பரவாயில்லைங்க" என்பார்கள். ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த வாளியை அதற்கு முன்பே எடுத்து ஒளித்திருப்பார்கள். இந்தப் புத்தியை நான் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். இது ஒரு நாள் ஷாமளாவின் வீட்டையே காலி செய்யும் என்று மட்டும் நினைக்கவில்லை.

என் பெயர் டக்ளஸ். லூனாஸிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரே வேதக்கார வீடு எங்களுடையது. நான் வேன் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன் ஆட்களை ஏற்றிக்கொண்டு பிறைத் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் சாயந்திரம்தான் திரும்புவேன். ஷாமளா எங்களுக்கு எதிர் வீடு. ஒரு காலத்தில் அவளும் என் வேனில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவள்தான். அவளிடம் வாய் கொடுத்தால் மீள முடியாது. "அண்ணே, நடந்தே போயிருந்தாக்கூட இந்நேரம் கார்டு பஞ்ச் பண்ணியிருப்போம் லா" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும், வேனே சிரிக்கும்.

அவள் புருஷன் காளிதாசன் தோட்டத்தில் பழக்குலை வெட்டியவன். இருவரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். பிள்ளை இல்லை. அந்தக் கவலையை ஊர்தான் பட்டது, அவர்கள் படவில்லை. ஒரு மழை நாளில் லூனாஸ் முச்சந்தியில் அவன் மோட்டார் சைக்கிளை ஒரு லோரி தட்டிவிட்டது. உயிர் தப்பியது, கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. கை அசையாது, கால் அசையாது. பேச்சும் சிரிப்பும் மட்டும் மிச்சம்.

ஷாமளா தொழிற்சாலையை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தே செய்கிற ஒரு வேலையைத் தேடிப் பிடித்தாள். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவர்கள் ஏதாவது கெட்டுப்போனால் ஒரு நம்பருக்கு அழைப்பார்கள் அல்லவா, அந்த அழைப்பு இவள் கம்ப்யூட்டருக்கு வரும். தலையில் மைக்கை மாட்டிக்கொண்டு மலாயிலும் இங்கிலீஷிலும் தமிழிலும் பதில் சொல்லுவாள். மேசையைக் காளிதாசனின் கட்டிலை ஒட்டியே போட்டிருந்தாள். இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் அவனைப் புரட்டிப் படுக்கவைப்பாள், வாயைத் துடைப்பாள், கஞ்சி ஊட்டுவாள். "என் பொண்டாட்டி ஊரு ஃபிரிட்ஜுக்கெல்லாம் டாக்டரு, எனக்கு மட்டும்தான் நர்ஸு" என்று காளிதாசன் சொல்லுவான். அந்தக் கட்டில் பக்கத்திலேயே இருக்கவேண்டும், அதற்குத்தான் அந்த வேலை. அவளுக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

குறை இணைய லைனில்தான். கேபிள் எதிர்ப்பக்கத்துத் தமான் குடியிருப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தோட்டத்து நிலத்தில் தூண் நட நிர்வாகம் விடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? ஆகவே மேட்டில் நிற்கும் ஒரே போன் கோபுரம்தான் எங்கள் எல்லாருக்கும். சிம் கார்டு போடும் மோடம் வாங்கி வைத்துக்கொண்டு லயமே அதைப் பங்கு போட்டு உறிஞ்சும். ஒரு வீட்டில் நாடகம் ஓடும், இன்னொரு வீட்டில் பிள்ளைகள் விளையாட்டைத் திறப்பார்கள், ஷாமளாவின் குரல் துண்டு துண்டாக உடையும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் கத்துவார். பிறகு அழைப்பு அறுந்து போகும். அறுந்ததெல்லாம் அவள் கணக்கில்தான் ஏறும்.

அவளுடைய மேலாளர் அமண்டா பினாங்குக்காரி. கெட்டவள் இல்லை, ஆனால் அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறதே. "வருஷக் கடைசிக்குள்ள லைனைச் சரி பண்ணுங்க ஷாமளா. முடியலன்னா பிறையில நம்ம ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து பேசுங்க. வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஷாமளா எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டாள், வீட்டு இணையத்துக்கு அரசாங்கம் ஒரு தரம் வைத்திருக்கிறது என்று. வேகம் அந்த அளவுக்குக் கீழே போனால் லைன் கொடுத்தவன் பதில் சொல்லவேண்டும், சரி செய்து தரவேண்டும். நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது வேலியோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, நமக்கும் ஒரு அளவு இருக்காம் லா. அதுக்குக் கீழ குடுக்கக்கூடாதாம்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் விபத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதற்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்று எவன் இதுவரை சொன்னான்?

புகார் கொடுத்தாள். லைன் அறுந்து அறுந்து, மூன்றாம் தடவைதான் புகாரே போய்ச் சேர்ந்தது. பல வாரம் கழித்துப் பதில் வந்தது: அதிகாரி ஒருவர் கருவியோடு வீட்டுக்கு வந்து அளந்து பார்ப்பார். அந்தப் பதிலை அமண்டாவுக்கும் அனுப்பிவைத்தாள். "அரசாங்கமே வந்து பாக்குது மிஸ், குறை என்னோடது இல்லன்னு தெரிஞ்சிடும்" என்று எழுதினாளாம்.

அதிகாரி வரும் செய்தி லயத்தில் பரவாமல் இருக்குமா? இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாப்பம்மா அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு நாக்கு வராது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் உலை வைப்பது அவர்தான். கோயில் வாட்ஸாப் குழுவில் முதல் நாள் மாலை அவர் குரலில் ஒரு சேதி போட்டார். பிறகு அதை எனக்கும் ஓடவிட்டுக் காட்டினார்கள்.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு நம்ம ஷாமளா வீட்டுக்குக் கவர்மெண்ட் ஆபீசர் வராரு, லைனைச் சோதிக்க. பாவம், அந்தப் பொண்ணு வேலையே அதுலதான் இருக்கு. அவரு வந்துட்டுப் போற வரைக்கும் யாரும் போனைத் தொறக்காதீங்க, மோடத்தை மூடிடுங்க. ஒரு நாள் நாடகம் பாக்கலன்னா செத்துப் போயிட மாட்டீங்க. நம்ம லயத்து லைன் ஃபேலாயிடக் கூடாது."

ஷாமளா அந்தக் குழுவிலிருந்து எப்போதோ விலகியிருந்தாள். வேலை நேரத்தில் காலை வணக்கப் படங்களாக வந்து லைனை அடைக்கின்றன என்று விலகினாள். நாங்கள் வேதக்காரர்கள், அந்தக் குழுவிலேயே இல்லை. மறுநாள் நான் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு பாப்பம்மா அக்கா நேரில் வந்து சொல்ல, என் மனைவி பேட்ரிசியாவும் எங்கள் மோடத்தை நிறுத்தினாள். நான் இருந்திருந்தால் கத்தியிருப்பேன். இருக்கவில்லை.

மற்றதெல்லாம் பேட்ரிசியா சொல்லக் கேட்டது. லயம் முழுக்கக் கூட்டிப் பெருக்கியிருந்தது. ஓர் இளைஞர், மலாய்க்காரர், சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாக உள்ளே போனார். மோடத்தின் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டியை வைத்தார். அது விட்டு விட்டு அளந்தபடி மத்தியானம்வரை இருந்தது. காளிதாசனுக்கு அன்று பார்த்து வயிறு சரியில்லை. துணி மாற்றுவதும் துடைப்பதுமாக ஷாமளா உள்ளறையிலேயே கிடந்தாள். அதிகாரிக்குத் தேத்தண்ணியும் வடையும் பாப்பம்மா அக்கா வீட்டிலிருந்து போயின. பிள்ளைகள் விளையாட்டில்லாமல் வாசல்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுச் சத்தம்கூட இல்லை.

கடைசியில் ஷாமளா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதிகாரி சிரித்த முகமாகத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாகூஸ், கக். லைன் பாகூஸ்."

நன்றாக இருக்கிறது அக்கா என்றார். அரசாங்க அளவைத் தாண்டி எங்கேயோ நின்றது எண். அவள் வீட்டில் அப்படி ஒரு வேகத்தை அவள் கண்டதே இல்லை. தப்பான வரியைப் பார்க்கிறோமோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தாளாம். பாப்பம்மா அக்கா அவள் கையைப் பிடித்துக் காதருகில், "ஒரு வீட்டுலகூடப் போன் ஓடலம்மா. எல்லாரையும் மூட வெச்சிட்டேன். பாஸாயிடுச்சு பாத்தியா" என்றார். திண்டாட்டம் தீர்ந்தது என்று பெண்கள் கைதட்டினார்கள்.

ஷாமளா அதிகாரி காரில் ஏறும் இடத்துக்குத் தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் பெட்டி அளந்தது அப்போதே மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, கருவி சொல்வதைத்தான் தன்னால் எழுதமுடியும், வேண்டுமானால் மறுபடி புகார் கொடுங்கள் என்றார். அவர் காடி முச்சந்தியைத் தாண்டியதும் லயமே ஒரே மூச்சில் போனைத் திறந்தது. அவளுடைய லைன் அப்படியே படுத்துவிட்டது.

மறுபடி புகார் கொடுத்தாள். அந்த இடம் அண்மையில் அளக்கப்பட்டது, தரத்துக்குக் குறைவில்லை என்று பதில் வந்தது. அமண்டா அழைத்தாள். "கவர்மெண்டே லைன் நல்லா இருக்குன்னு சொல்லிருச்சு ஷாமளா. அப்போ இத்தனை போன் கால் கட்டானது யாரால?" தன் பக்கச் சாட்சி என்று அவளே கூட்டிவந்த அரசாங்கம், அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் பாப்பம்மா அக்கா வீட்டு வாசலில் போய் நின்று லயமே கேட்கப் பேசிவிடலாம் என்று கிளம்பினேன். ஷாமளா குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாம் அண்ணே. தெரிஞ்சா அந்தக்கா சோறு தண்ணி எறங்காம கிடப்பாங்க. எனக்காகத்தான செஞ்சாங்க."

"உனக்காகச் செஞ்சதுலதான் வீட்டுலேர்ந்து செய்யற வேலை போச்சு."

"போனது போனதுதான். அவங்களையும் அழ வெச்சு எனக்கு என்ன வரப்போவுது?"

அன்றைக்கு நான் திரும்பி வந்தேன். இன்றுவரை அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. லைன் விற்கிற கம்பெனி மீதா, தூண் நட விடாத நிர்வாகத்தின் மீதா, வாளியை ஒளித்து ஒளித்தே வாழப் பழகிய எங்கள் ஆட்கள் மீதா?

புது வருஷத்தில் ஷாமளா பிறை ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள், பழையபடி என் வேனில்தான். பகலில் காளிதாசனைப் பாப்பம்மா அக்கா பார்த்துக்கொண்டார். மனசு இருந்தது, ஆனால் முழங்கால் வலியோடு அந்தக் கனத்த உடம்பைப் புரட்ட அவரால் முடியவில்லை. பேட்ரிசியாவும் போய் ஒரு கை பிடித்தாள். இருந்தும் முதுகில் புண் வந்து, புண் ஆழமாகி, குளிம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆள் வைத்துப் பார்க்க வசதி இல்லையென்றால் பராமரிப்பு இல்லத்தில் சேருங்கள், வீட்டில் வைத்தால் செத்துப்போவார் என்றார் டாக்டர்.

பண்டார் பாரு பக்கத்தில் ஓர் இல்லம் கிடைத்தது. நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டேன். லயமே வாசலில் வந்து நின்று அழுதது. பாப்பம்மா அக்கா என்னிடம், "லைன் அவ்வளவு நல்லா பாஸாகியும் கம்பெனிக்காரனுக்கு இரக்கம் வரலியே டக்ளஸு" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஏறிவிட்டேன். காளிதாசனைப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பும்போது, "அவளை முன் சீட்டுல உட்கார வைங்கண்ணே, பின்னால தனியா உட்கார்ந்தா அழுவா" என்றான்.

இப்போதெல்லாம் ஷாமளா வேனில் பேசுவதில்லை. போன வாரம் ஒரு சாயந்திரம் தானாகப் பேசினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இல்லத்துக்கு வீடியோ அழைப்பு போடுவாளாம். அங்கே வேலை செய்கிற பெண் போனை அவன் முகத்துக்கு நேராக நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போய்விடும்.

"ஆபீசு லைன் அப்படி இருக்குண்ணே. அவரு தாடியில ஒவ்வொரு முடியும் தெரியுது. இன்னைக்கு ஒரு ஈ வந்து அவரு வாயோரத்துல உட்கார்ந்துச்சு. அவரு கண்ண மூடிக்கிட்டாரு. நான் பார்க்கிறது அவருக்குப் பிடிக்கல. அந்தப் பொண்ணக் கூப்பிட்டேன், கேக்கல. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். யாரும் வரல."

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்கே தெரியாம நான் போனை ஊதிட்டேண்ணே" என்றாள். "இங்கேர்ந்து ஊதினேன். ஊதிக்கிட்டே இருந்தேன்."