கொதிக்கும்போது மட்டும் ஒரு மாத்திரை

அறுபதுகளின் நடுவில் கடலூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. பழைய டவுனான ஓ.டி.யில் அக்கா வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். அக்காவின் கணவருக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். வாட்டசாட்டமான ஆள், நல்ல மனிதர். ஒரே சங்கடம், யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன வியாபாரி சற்றுத் தாமதித்து வந்தால் மண்டி பூட்டிக் கிடக்கும்.

சிதம்பரத்தில் உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நானும் அக்காவும் பக்கத்திலிருந்த டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்தார்.

"ரத்தக் கொதிப்பு. ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. தினமும் காலையில ஒரு மாத்திரை போடணும். சாப்பாட்டுல உப்பைக் குறைக்கணும்" என்றார்.

திரும்பும் ரயிலில் மாமா பரங்கிப்பேட்டை தாண்டிய பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"கொதிப்புன்னுதானே சொன்னாரு. கொதிச்சா போட்டுக்கிறேன். கொதிக்காதப்ப எதுக்கு?"

"தெனமும் போடச் சொன்னாருங்க" என்றாள் அக்கா.

"தெனமும் கொதிச்சா தெனமும் போடுறேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமாவின் அப்பா மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்து போனவர். அக்கா அதை நேரில் பார்த்தவள். அது மாமாவுக்கும் தெரியும். ஆனால் கொதிக்கவில்லையே.

மாத்திரை பாட்டில் அலமாரியில் அப்படியே இருந்தது. ஒரு நாள் காலையில் அக்கா ஒரு மாத்திரையைப் பொடி செய்து தேங்காய்ச் சட்னியில் கலந்துவிட்டாள். மாமா முதல் வாயிலேயே துப்பினார். கசப்பு. தேங்காய் அழுகல், கடைக்காரன் திருடன், இந்த வீட்டில் யாருக்கும் நாக்கே கிடையாது என்று தெரு கேட்கக் கத்தினார். கத்தி முடித்து நின்றார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

"இப்ப கொதிக்குது. எடு அந்த மாத்திரைய."

தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து மாமாவுக்குக் காலைப் பலகாரத்துக்குள் கோபம் வரவைப்பது எங்கள் இருவரின் வேலையாயிற்று. அக்கா சாம்பாரில் உப்பைக் குறைத்தாள். அதில் வைத்தியமும் ஆயிற்று, கோபமும் வந்தது. நாக்கு பழகியதும் அது பலிக்கவில்லை. நான் அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய் வந்தேன். பேப்பரை அவர் தொடுவதற்கு முன்பே பிரித்து, பக்கங்களைத் தலைகீழாக மடித்து வைத்தேன். எதுவும் பலிக்காத நாட்களுக்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தோம்.

"பண்ருட்டி மல்லாட்டையிலதான் எண்ணெய் ஜாஸ்தியாம் மாமா. ஆபீசுல பேசிக்கிறாங்க."

"எவன் சொன்னான்? அவன இங்க இட்டுக்கிட்டு வா. மாத்திரைய எடுடி."

ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. மூக்கை அடைக்கும், ஆளையும் சாந்தமாக்கிவிடும். மாதங்கள் போகப் போக மாமா கனிந்துகொண்டே வந்தார். செருப்பைப் போட்டால், "வெச்சுக்கடா, உன் காலுக்குச் சரியா இருக்கு" என்றார். பண்ருட்டியைச் சொன்னால், "அவுங்களும் பொழைக்கணும் இல்ல" என்றார். கோபம் வராத நாட்களில் மாத்திரையும் இல்லை. ஒரு காலையில் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"அவருக்குக் கோவமே வர மாட்டேங்குதுடா. என்னா பண்றது?"

கடைசியில் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தாரிடம் போனோம். மாமாவின் மதில் தன் மனைக்குள் ஒரு முழம் நிற்கிறது என்பது அவருடைய நெடுநாள் கட்சி. அக்கா விஷயத்தைச் சொல்லி, "காலையில வந்து கொஞ்சம் அவரத் திட்டிட்டுப் போறீங்களா சார்?" என்று கேட்டாள்.

"நெஜமாவே திட்டலாமா?"

"நெஜமாவே திட்டுங்க சார்."

மறுநாள் அவர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். மதிலைத் தட்டி, மாமாவின் பரம்பரையே நிலம் அபகரித்த பரம்பரை என்று ஆரம்பித்தார். மாமா பல்குச்சியோடு நின்று முழுவதையும் கேட்டார்.

"இருக்கலாம் சார். இடிச்சிடட்டுமா?"

இத்தனை வருஷ வழக்கை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் எந்த மனிதனுக்குத்தான் தாங்கும்? "ஏன்யா இடிக்கணும், வாதாடு" என்று தாசில்தார் கத்தினார். முகம் சிவந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாமா நாற்காலி கொண்டுவந்து போட்டு, விசிறிவிட்டு, "உங்களுக்குத்தான் சார் கொதிக்குது" என்றார். அன்றைக்கே அவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயில் ஏறினார்.

டாக்டர் முதலில் தாசில்தாரைப் பார்த்தார். அவருக்குக் கொதிப்பு, மாமாவுக்கு முன்பு இருந்ததைவிட அதிகம். பிறகு மாமாவைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நல்லாக் குறைஞ்சிருக்கே. தவறாம சாப்பிடுறீங்களா?" என்றார்.

"கொதிக்கும்போது தவறாம சாப்பிடுறேன். முன்ன தெனமும் காலையில கொதிச்சிச்சு. இப்ப வர வர இல்ல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டது பெரிய விஷயம்.

"கோவம் வேற, இது வேற. இது சத்தமில்லாம ஏறும், உங்களுக்கே தெரியாது. ஏறாம இருக்கத்தான் தெனமும் மாத்திரை."

மாமா யோசித்தார். "அப்ப நீங்க பேரத் தப்பா வெச்சிருக்கீங்க."

"நான் வைக்கலை" என்றார் டாக்டர்.

ரயிலில் மாமா மெதுவாக என்னிடம் கேட்டார். "அந்தப் பண்ருட்டி மல்லாட்ட விஷயம்?"

"அதுவும் பொய்தான் மாமா."

"அப்பாடா" என்றார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு மாமா ஒரு நாளும் தவறவில்லை. தினமும் என்றால் தினமும்தானே. சிக்கல் தாசில்தாரிடம் வந்தது. தனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்று அவர் மாத்திரையைச் செடிக்குப் போட்டுவிடுவதை மாமா கண்டுபிடித்துவிட்டார். மறுநாளிலிருந்து காலையில் இருவரும் மதிலின் இரண்டு பக்கமும் நின்று ஒரே சமயத்தில் விழுங்க வேண்டும் என்று ஏற்பாடு. தாசில்தார் சும்மா விடுவாரா? "நீங்க முழுங்கினதுக்கு என்னா அத்தாட்சி?" என்றார். அதனால் இருவரும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். பால்காரரும் பள்ளிக்கூடம் போகிற வாத்தியார்களும் நின்று பார்த்தார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் விடிந்ததும் மதிலுக்கு மேல் நாக்கைக் காட்டிக்கொள்வது எதற்கென்று கேட்க யாருக்கும் துணிவில்லை. அக்கா மட்டும் சமையற்கட்டு ஜன்னலில் நின்று முகம் மலரப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தைப்பூசம் வந்தது. தாசில்தார் ஜோதி தரிசனத்துக்கு முதல் நாளே வடலூர் போய்விட்டார். காலையில் மதிலருகே மாமா தனியாக நின்றார்.

"அவரு சாப்பிட்டாரா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"விடுங்க மாமா, ஒரு நாள்தானே."

"தெனமும்னுதான் டாக்டர் சொன்னாரு."

மண்டியைப் பூட்டிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வடலூரில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தைத் துழாவி, சாப்பாட்டு வரிசையில் நின்ற தாசில்தாரைக் கண்டுபிடித்தோம். அவர் திடுக்கிட்டார். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்தார். மாமாவும் தன்னுடையதை எடுத்தார். பின்னால் நின்ற அம்மாள் ஒருவர் தன் செம்பிலிருந்து இருவருக்கும் தண்ணீர் ஊற்றினார். விழுங்கினார்கள், நாக்கைக் காட்டினார்கள். அந்த அம்மாள் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கைகூப்பினார்.

வரிசை நகர்ந்தது. மூவருமாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று மாமா முணுமுணுத்தார்.