என் வீட்டுக்காரரின் டார்ச் லைட்

டார்ச்சுதான் சரியில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் நம்பினேன். பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நின்று கத்திய கத்தலுக்கு எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு சாக்கு தேவைப்பட்டது.

"நேத்துதான் யூரியா போட்டேன் அண்ணே! உங்க மடைய விட்டுட்டு என் மடையத் தொறந்து விட்டிருக்கீங்க. அம்புட்டும் கரைஞ்சு ஓடிப்போச்சு!"

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு வாய்க்காலில் முறைத் தண்ணீர். அவரவர் முறை வரும்போது போய், வரப்பு மண்ணை வெட்டித் தன் மடையைத் திறந்துகொள்ள வேண்டும். எங்கள் முறை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் மடை மாறித் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"டார்ச்சு மினுக்கு மினுக்குன்னு எரியுதுடி. எது யார் மடைன்னே தெரியல" என்றார்.

"அந்தக் கருமத்த இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் எமர்ஜென்சி லைட் ரிப்பேர் செய்யும் கடையில் வேலை பார்த்தவள் நான். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் இன்னும் பரணில் கிடந்தது. டார்ச்சுக்குள் இருந்தது ஒரு வாட் எல்.இ.டி. ரெசிஸ்டரைக் குறைத்துப் போட்டு, மின்சாரத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டேன். ஜோராக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கருகியும் போனது. சரி, தொலையட்டும் என்று மூன்று வாட் எல்.இ.டி. வாங்கி, சூடு இறங்குவதற்காக அலுமினியத் தகட்டின் மேல் உட்காரவைத்துப் பற்றவைத்தேன். மகனுடைய பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, அதிலிருந்து நல்ல செல்லாக ஒன்றை எடுத்துப் போட்டேன். சுவரில் அடித்துப் பார்த்தால் பல்லி பதறி ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

வயலுக்குப் போய்த் திரும்பியவர், "பரவாயில்ல. ஆனா இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாரேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதுக்கு மேல கூட்டணும்னா சூரியனத்தான் கழட்டி மாட்டணும். அடுத்த முறைக்கு நானும் வரேன். அப்படி என்னதான் தெரியலன்னு பாத்துடறேன்."

சொன்னபடியே போனேன். வரப்பில் அவர் முன்னால், நான் பின்னால். வாய்க்காலின் அக்கரை வரைக்கும் வெளிச்சம் விழுந்தது. கருவ மரத்தில் அடைந்திருந்த கொக்குகள் கலைந்து பறந்தன. எதிரே சைக்கிளில் வந்தவர், "அண்ணே, கண்ணு கூசுது, கீழ புடிங்க" என்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பயிர் நுனியில் உட்கார்ந்திருந்த பூச்சிகூட எனக்குத் தெரிந்தது. அவரோ வரப்பைக் காலால் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தார். எங்கள் மடையைத் தாண்டிப் போய், பக்கத்து மடையில் மண்வெட்டியை வைத்தார்.

"ஏங்க..." என்றேன்.

"மாறிட்டேனா?" என்றார்.

மண்வெட்டியை வாங்கி எங்கள் மடையை நானே திறந்தேன். வயலுக்குப் போகாதே என்று சொன்னால் அந்த மனுஷன் எப்படி உயிரோடு இருப்பார்? வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்தப் பயம்தான்.

தஞ்சாவூரில் கண் டாக்டர் மெஷினில் எல்லாம் பார்த்துவிட்டு முதலில் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு வாடிப்போச்சும்மா. இடது கண்ணு போயிடுச்சு. வலதுல மிச்சம் இருக்கறத சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். போனது திரும்பாது."

உள்ளே விளக்கை மங்கவைத்த அறையில் என் வீட்டுக்காரர் முழங்காலில் கை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவருடைய வலது கண்ணைக் கையால் மூடிவிட்டு, சின்ன டார்ச்சை எடுத்து இடது கண்ணில் அடித்தார். கண் பாப்பாவுக்குள் அந்த வெளிச்சம் பளிச்சென்று நிற்பதை நான் பார்த்தேன்.

"ம், டார்ச்சப் போடுங்க டாக்டர்" என்றார் அவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். இவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "பாவம்டி, இவங்க டார்ச்சும் நம்மளுது மாதிரிதான் போல. நீ ஒருதடவ பிரிச்சுப் பாத்துக் குடு."

"சரிங்க" என்றேன்.