நீலத்தில் கலைந்த கோடுகள்

அரியலூரில் சயன்ஸ் வாத்தியாராக இருந்த அமிர்தலிங்கத்துக்குச் சகுனம், வேண்டுதல் என்று எதிலும் நம்பிக்கை கிடையாது. "என் கண்ணால பார்த்தாத்தான் ஒத்துக்குவேன்" என்பார். கடைசியில் அந்தக் கண்ணே அவரை ஏய்த்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அப்படியொன்றும் இல்லை. பாவம், கண் உள்ளதை உள்ளபடிதான் சொன்னது. மனுஷன்தான் கேட்கவில்லை.

வகுப்பில் அவர் ஆசையாகச் செய்துகாட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. கரி பிடித்த கண்ணாடித் துண்டில் சவர பிளேடால் நெருக்கி நெருக்கி இரண்டு கீறல் போடுவார். அரிக்கேன் விளக்கைத் தகரத்தால் மூடி, தகரத்தில் மெல்லிய வெட்டு ஒன்று மட்டும் விடுவார். கீறல்களைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து அந்த வெட்டைப் பார்த்தால், ஒற்றை வெளிச்சம் வரிவரியாகப் பிரிந்து நிற்கும். ஒளி அலையாக வருகிறது. இரண்டு கீறல் வழியாக வரும் அலைகளில் மேடும் மேடும் கூடிய இடம் வெளிச்சம், மேடும் பள்ளமும் மோதிய இடம் இருட்டு. ரயில் விளக்கிலிருந்து உடைந்த சிவப்புக் கண்ணாடியை முன்னால் வைத்தால் கோடுகள் தள்ளித் தள்ளி நிற்கும். மருந்துப் புட்டியின் நீலச் சில்லை வைத்தாலோ நெருங்கிவிடும். சிவப்பின் அலை நீளம், நீலத்தின் அலை குட்டை. அவ்வளவுதான் விஷயம்.

யுத்த காலம், நாற்பத்து மூன்று ஐப்பசி. மறுநாள் பாடத்துக்காக வீட்டில் எல்லாவற்றையும் எடுத்துவைத்துப் பார்த்தார். சிவப்பில் கோடுகள் தெரிந்தன. நீலத்தில் ஒரே கலங்கல். "ரேஷன் மண்ணெண்ணெய், புகை அடிக்குது" என்று திரியை நறுக்கினார். அப்படியும் கலங்கல்தான். "புட்டிக் கண்ணாடிதானே, கோணலா இருக்கும்" என்றார்.

அவர் மனைவி ஜானகி அந்தக் கீறல் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"நீலத்துலயும் நல்லாத் தெரியுதேங்க. எறும்பு போற மாதிரி நெருக்கமா இருக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அகன்ற கோடு மங்கிய கண்ணுக்கும் பிடிபடும், நெருங்கிய கோடுதான் முதலில் குழம்பும் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எழுந்து கொல்லைக்குப் போய் நீலச் சில்லைக் கிணற்றில் வீசினார்.

அவர் அப்பாவுக்கும் முன்பு கண்ணில் புரை விழுந்திருந்தது. உடையார்பாளையம் சந்தைக்கு வந்த ஊசி வைத்தியன் ஒருவன் புரையைத் தள்ளிவிடுகிறேன் என்று கண்ணுக்குள் ஊசியை விட்டான். அப்பா கண் தெரியாமல், வலியில் கத்திக் கத்தியே செத்தார். அதிலிருந்து கண்ணுக்குக் கத்தி என்று யார் சொன்னாலும் அமிர்தலிங்கம் எழுந்து வெளியே போய்விடுவார். இதை யாரிடம் சொல்லுவார்?

"திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாங்க. ரயிலேறினா கொஞ்ச நேரம்தானே" என்று ஜானகி கெஞ்சினாள். அவர் மசியவில்லை. அவள் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெள்ளிக் கண்ணை வச்சா என் கண்ணு சரியாயிடுமா? பைத்தியமே!" என்று சிரித்தார்.

சிரித்தவர் என்ன செய்தார்? விளக்கு வைத்ததும் உட்கார்ந்து சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். "கோடு தெரியுது பார், கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்துபோவார். தினமும் இந்தப் பூஜைதான். அட கடவுளே! அவள் கண்மலராவது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. இந்தச் சிவப்புக் கண்ணாடி அவரைக் குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகவிடாமல் நிறுத்திவைத்தது. நடுவில் இடது கண் சத்தமில்லாமல் அணைந்துபோனது. அதைப் பற்றியும் அவர் மூச்சுவிடவில்லை.

மாசி பிறந்ததும் சிவப்புக் கோடுகளும் கலைந்தன. அடுத்த வாரம் தலையைப் பிளக்கும் வலி, வாந்தி, வலது கண் ரத்தமாய்ச் சிவந்தது. ஜானகி அவர் கையைப் பிடித்து ரயிலேற்றினாள். டாக்டர் கண் எதிரே விளக்கைக் காட்டி, "வெளிச்சம் எந்தப் பக்கம் வருது, சொல்லுங்க" என்றார். அமிர்தலிங்கம் தப்பான பக்கம் கையை நீட்டினார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை முத்தி, உள்ள அழுத்தம் ஏறி, நரம்பு செத்துப்போச்சும்மா. நீங்க சொல்ற அந்த ஐப்பசியிலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் ஜானகியிடம் சொன்னார். அமிர்தலிங்கத்துக்கும் அது கேட்டது.

வேலை போனது. சித்திரையில் கிணறு வற்றித் தூர்வாரினார்கள். இறங்கிச் சேறு அள்ளிய அய்யம்பெருமாள், "அம்மா, கண்ணாடிச் சில்லு ஒண்ணு கெடக்கு, யாரு காலையாவது கிழிச்சிடப் போவுது" என்று மேலே அனுப்பினான். ஜானகி அதைக் கழுவினாள். தூக்கி எறிய மனம் வராமல் கொண்டுபோய்ப் புருஷன் கையில் வைத்தாள். அவர் தடவிப் பார்த்தார்.

"சிவப்பா, நீலமா?"

பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

"நீலங்க."

அவர் அதை விளிம்போடு தடவிக்கொண்டே இருந்தார்.

"கோணல் ஒண்ணும் இல்ல ஜானகி, நல்ல கண்ணாடி. அன்னைக்கே தெரியும்."

அத்தனை மாதமும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவள், "தெரிஞ்சே செஞ்சீங்களா, படுபாவி!" என்று அவர் தோளில் அடித்து அடித்து அழுதாள். அவர் சில்லை விடாமல் பிடித்தபடி அடியை வாங்கிக்கொண்டார்.