அரக்கோணம் வண்டியில் பிடிபட்ட பாடம்

பள்ளியில் திசைவேகம், முடுக்கம், விசை எல்லாவற்றுக்கும் எனக்கு வரையறை மனப்பாடம். அரக்கோணத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்த பிறகு முதல் தேர்விலேயே அது கைகொடுக்கவில்லை. வேகம் மாறாமல் ஓடும் பொருளுக்கு முடுக்கம் இருக்குமா என்று கேட்டிருந்தார்கள். இருக்கவே இருக்காது என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்த என் தோழியும் அதையேதான் எழுதியிருந்தாள். இருவருக்கும் சுழி.

இரண்டு பேருக்கும் கே.ஜி.கண்டிகைதான் ஊர். திருத்தணி வரை பஸ், அப்புறம் ரயில். மறுநாள் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. என்னையும் விடவில்லை.

"கம்பியப் புடிக்காத. கண்ண மூடிக்கினு நில்லு."

வண்டி கிளம்பியதும் பின்னால் தள்ளாடினேன். வேகம் சீரானதும் வீட்டுக் கூடத்தில் நிற்பது போலிருந்தது.

"இப்ப ஓடுதா, நிக்குதா?"

"சத்தம் மட்டும் இல்லன்னா நிக்குதுன்னுதான் சொல்லுவேன்."

"ஆங். வேகம் ஒடம்புக்குத் தெரியல. அது மாறுறதுதான் தெரியுது."

அரக்கோணத்துக்கு முன்னால் ஒரு வளைவு. இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"வேகம் அப்படியேதான இருக்குது? ஏன்டி சாயறோம்?"

அவள் ஜன்னல் வழியே வளையும் தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு, "திசை மாறுதுடி! அதுவும் மாற்றம்தான!" என்று கத்தினாள். எதிரே பூக்கூடையோடு இருந்த அம்மாள் முறைத்தார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இரண்டாம் ஆண்டு முடியும்போது அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை நகரியில் இருந்த அவளுடைய அத்தை மகன், அவள் பாவா என்று கூப்பிடுபவர். 'நைனா, நைனா' என்று அவள் எவ்வளவோ கேட்டும் அப்பா இறங்கி வரவில்லை. நானும் வீட்டுக்கே போய்ப் பேசினேன்.

"இன்னும் ஒரு வருஷம்தாங்க. முடிச்சிடட்டும்."

"நீ சொல்றது நாயம்தாம்மா. அவங்க காத்துகினு இருக்க மாட்டாங்களே" என்றார். அதட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவர் அப்படிக் கெஞ்சுகிற குரலில் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் ஆண்டை நான் தனியாகப் படித்தேன். சூத்திரம் வந்தது, மார்க்கும் வந்தது. ஆனால் உடம்போடு ஒட்டியது அவளோடு படித்த அந்தக் கொஞ்சம்தான்.

இப்போது ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். போன ஆடியில் திருத்தணி கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். தோளில் குழந்தை தூங்கியது. வீட்டைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அவள் கேட்கவில்லை.

"மூணாவது வருஷம் லேப்ல லேசர் தருவாங்கன்னு சொன்னாங்களே, செஞ்சியா? நடுவுல ஒரு தலமுடிய வச்சா வெளிச்சம் புள்ளி புள்ளியா பிரியுமாமே. நெசமாவே அப்படி வந்துச்சா?"

"வந்துச்சுடி. சுவர்ல, செவப்பா..."

நான் சொல்லி முடிப்பதற்குள் வேனிலிருந்து அவள் கணவர் ஹாரன் அடித்துவிட்டார்.