மார்ஜரி என்று ஒருத்தி

எல்கடுவ பக்கத்தில் எங்கள் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆயாம்மா. அறுபதை நெருங்குகிறார், கல்யாணம் கட்டவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எனக்கு அடுத்த வீடு. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட எனக்கே அவர் பெயர் தெரியாது என்றால் பாருங்கள்.

கண்டுபிடித்தவள் ஜூலியட். ஆயாம்மா கையில் வளர்ந்த பெண், இப்போது அவளுக்கே ஒரு மகள் பிறந்திருக்கிறாள். ஆயாம்மாவுக்குத் துணையாக மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் கூப்பிட்டாராம், "மார்ஜரி!" என்று. ஆயாம்மா எழுந்து போனாராம்.

"பாப்பாவுக்கு அந்தப் பேரையே வைக்கப் போறேன்," என்றாள் ஜூலியட்.

ஆயாம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "வேணாம் புள்ள. நான் பட்டது போதும்."

அவருடைய அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரர். அப்போதிருந்த துரைசானியின் பெயரையே ஆசையாக மகளுக்கு வைத்துவிட்டார். மகள் வளர்ந்து, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போனபோது கங்காணி, "துரைசானியம்மா, குடை பிடிக்கட்டுங்களா?" என்பாராம். மலையே சிரிக்குமாம். கூட நின்ற காத்தாயிதான் முதலில் சிரிப்பாளாம்.

பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் நான். விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறது. "மார்ஜரிங்கிற பேரு எப்படி?" என்று கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்தேன்.

ஜூலியட்டின் புருஷன் ரொமேஷ், "பிஸ்கட் பேரு மாதிரி இருக்குக்கா," என்றான். மாத்தளையிலிருந்து துணி கொண்டுவரும் முஸம்மில் நானா, அது துரைசானி பேர், சிரிப்பார்களோ என்று நான் இழுத்ததும், "எங்கட உம்மாட பேரே நோனா. அதுக்கும் துரைசானின்டுதான் கருத்து. ஆரும் சிரிக்கல்லியே," என்றார். கடைக்கார நடராஜா அண்ணன் தலையைச் சொறிந்தார். "நம்ம தோட்டத்துல அப்படி யாரும் இல்லியேம்மா."

கடைசியாகக் காத்தாயி. பென்சன் வாங்கி வாசலில் வெயில் காய்கிறாள். "மார்ஜரியா? யாருடி அது?"

எனக்கு ஒரே குஷி. பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன். "ஆயாம்மா, ஒருத்தருக்கும் ஞாபகமில்ல! இனி யாரு சிரிக்கப் போறாங்க?"

ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "காத்தாயிக்குமா?"

"அவங்களுக்கும்தான்."

முதலில் சிரித்தார். பிறகு கண் கலங்கிவிட்டது. "இவங்க சிரிப்பாங்கன்னுதானே என் பேர நானே வாயால சொல்லாம இருந்தேன். இப்ப ஒருத்தருக்குமே தெரியலியா?"

சந்தோஷப்படுவார் என்று நினைத்த என்னை நானே திட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் மனம் நோக வேண்டாம் என்று ஜூலியட்டும் விட்டுவிட்டாள். மரியா என்று முடிவாயிற்று.

ஞானஸ்நானம் வஹகோட்டை அந்தோனியார் கோவிலில். ஜூலியட்டின் நேர்த்திக்கடன் அது. வேன் பிடித்து லயமே கிளம்பியது. அந்தோனியார் என்றால் காத்தாயியும் விடமாட்டாள், அவளும் வந்தாள். எங்கள் பக்கத்தில் பெயரை ஞானத்தாய்தான் சொல்ல வேண்டும். பாப்பாவை ஏந்திக்கொண்டு நின்றேன்.

"பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீங்க?" என்று பாதர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "மார்ஜரி, பாதர்."

பாதர் நிமிர்ந்து ஜூலியட்டைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். நானும் பாதரிடம் அதையே சொன்னேன். பாப்பாவின் தலையில் தண்ணீர் விழுந்தது.

காத்தாயிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் அவள் ரகசியம் பேசினாலும் கோவில் முழுக்கக் கேட்கும். "யாரு பேருடி அது?"

"என் பேரு," என்றார் மார்ஜரி.